வீட்டுக் கடிதங்கள் மின்னஞ்சலில்: கையோடு கொண்டுபோவது எது, விட்டுவைப்பது எது?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். பதினான்கு புள்ளிகளுக்கு (குடும்பப் பிரிவுகளுக்கு)ப் பாத்தியப்பட்ட பழைய வீடு அவர்களுடையது. வீட்டுக் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்துவந்த கணவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. கோலாலம்பூர், சென்னை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகளோடு மராமத்துச் செலவு, ஓடு மாற்றுவது, வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடலாமா என்ற வாக்குவாதம் எல்லாமே ஒரே ஜிமெயில் கணக்கில்தான் நடக்கின்றன.

வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பிரிண்ட், ஸ்கேன் வேலைகளுக்குக் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டர்; சென்னைக்குப் போனால் மகனுடைய அலுவலக லேப்டாப். தங்கை மகன் இவருக்கு இரண்டு பொருள்கள் கொடுத்திருக்கிறார். ஒன்று, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைச் சிடியிலிருந்தே ஓட்டும் பதினைந்து ஆண்டுப் பழைய நாப்பிக்ஸ் சிடி. மற்றொன்று, புதிதாக லினக்ஸ் எழுதிய பென் டிரைவ். 'எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் கணினியாகிவிடும், வைரஸ் வராது, தடயமும் இருக்காது' என்று சொல்லியிருக்கிறார். சிடியைப் போட்டால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. பென் டிரைவில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை அமைத்துக் கடிதங்களை இறக்கிப் படித்துவிட்டுக் கணினியை அணைத்தார். மறுநாள் பென் டிரைவிலும் ஒன்றுமில்லை, இன்பாக்ஸிலும் ஒன்றுமில்லை. இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. இதற்கிடையே ஒரு பங்காளியின் பெயரில், மராமத்துப் பணத்தைப் புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இவர் இன்னும் அனுப்பவில்லை. சில மாதங்களில் மகளின் பிரசவத்துக்காகப் பினாங்கு போகிறார். 'கடிதங்களையெல்லாம் ஒரே டிஸ்க்கில் போட்டு எங்கும் கொண்டுபோக ஒரு சுலபமான வழி சொல்லுங்கள்' என்பது கேள்வி.

ஆச்சி, உங்கள் தங்கை மகன் கொடுத்த கருவி நல்ல கருவிதான். நீங்கள் அதனிடம் கேட்கும் வேலைதான் வேறு. கணினியை இயக்கும் லினக்ஸ் ஒன்று, உங்கள் கடிதங்கள் இன்னொன்று. முன்னதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்கும் போகலாம். கடிதங்களை அப்படிக் கொண்டுபோகக் கூடாது என்பதே என் கருத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்; அதற்குமுன் அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது.

காணாமல் போன கடிதங்கள்

அவை இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. தண்டர்பேர்டு உங்கள் கடிதங்களை 'பாப்' முறையில்தான் எடுத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அது தபால்காரரிடமிருந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளும் முறை; வாங்கிய பிறகு அஞ்சலகத்தில் பிரதி இருந்தாக வேண்டும் என்பதில்லை. பாப் வழியாக எடுத்த கடிதத்தை இன்பாக்ஸிலேயே விடுவதா, படித்ததாகக் குறிப்பதா, ஒதுக்கி வைப்பதா, நீக்குவதா என்று ஜிமெயில் அமைப்பில் தெரிவுகள் உள்ளன. ஒதுக்கி வைத்திருந்தால் 'எல்லா மின்னஞ்சலும்' என்ற பகுதியில் அப்படியே இருக்கும். நீக்கியிருந்தால் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் கிடக்கும். இரண்டு வாரம் போய்விட்டது என்கிறீர்கள். ஆகவே இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன்பே உங்கள் கைப்பேசியில் அந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள்.

அங்கும் இல்லாதவற்றுக்கு, 'அனுப்பியவை' பகுதியைத் திறவுங்கள். நீங்கள் பதில் எழுதிய கடிதங்களின் அடியில் மூலக் கடிதமும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீதியைப் பங்காளிகளிடம் கேளுங்கள். கேட்கும்போது, சாதாரணமாக முன்னனுப்பாமல் (ஃபார்வர்ட் செய்யாமல்) மூலக் கடிதத்தை இணைப்புக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் எப்போது, எந்த வழியாக வந்தது என்ற தலைப்பு விவரங்கள் அழியாமல் வரும். குத்தகை பற்றி வாக்குவாதம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை வலியுறுத்துகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அச்செடுத்த தாளை மட்டும் நீட்டினால் போதாது. அந்த நிலை வரக் கூடாது என்றுதான் நானும் விரும்புகிறேன். வருமானால் வழக்கறிஞரிடம் கொடுக்க மூலக் கடிதம் கையில் இருக்கட்டும்.

பென் டிரைவில் ஏன் எதுவும் மிஞ்சவில்லை? இப்படி நிறுவாமலேயே சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராகத் தொடங்கும் லினக்ஸை லைவ் லினக்ஸ் என்பார்கள்; அது கணினியின் நினைவகத்தில் ஓடுகிறது. நீங்கள் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றும் நினைவகத்திலேயே எழுதப்படுகிறது. மின்சாரம் நின்றதும் அது வெறுமையாகிவிடும். சிடி என்றால் அதில் எழுதவே முடியாது. பென் டிரைவ் எழுதக்கூடியது என்றாலும், நிலைச்சேமிப்பு என்ற தனிப் பகுதியை முன்கூட்டியே அமைக்காவிட்டால் அதுவும் சிடியைப் போலவேதான் நடந்துகொள்ளும். தடயம் இருக்காது என்று உங்களுக்குச் சொன்னது உண்மைதான். உங்கள் கடிதங்களும் அந்தத் தடயத்தோடு சேர்ந்துதான் போயின.

லைவ் லினக்ஸ் எதைக் காக்கும்?

ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டு நாப்பிக்ஸை வெளியிட்டபோது, நிறுவாமலேயே ஒரு முழு இயங்குதளம் 700 எம்.பி. சிடியிலிருந்து ஓடியதை நாங்களெல்லாம் வாய்பிளந்து பார்த்தோம். அந்த மதிப்பு எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் உங்களிடமுள்ள சிடியைத் தூர வைத்துவிடுங்கள். இன்றைய அஞ்சல் சேவையகங்கள் எதிர்பார்க்கும் டி.எல்.எஸ். 1.2 பாதுகாப்பு முறை அந்தக் காலத்து மென்பொருளுக்குத் தெரியாது. பழைய 1.0, 1.1 பதிப்புகள் 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. இணையதளம் உண்மையானதா என்று சரிபார்க்கச் சிடியில் பதிந்துள்ள சான்றிதழ்களும் காலாவதியாகியிருக்கும். எச்சரிக்கை வந்ததும் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாமல் இருந்தீர்களே, அது மிகவும் சரி. சிடியில் வைரஸ் எழுத முடியாது, வாஸ்தவம். அதே காரணத்தால் பாதுகாப்புத் திருத்தங்களையும் எழுத முடியாது. லைவ் டிஸ்க் என்பது அவ்வப்போது புதிதாக எழுதிக்கொள்ள வேண்டிய பொருள்.

புதிய லைவ் லினக்ஸ் ஒன்றைச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது: அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் வைரஸ், கடவுச்சொல் திருடும் மென்பொருள், முந்தையவர் விட்டுப்போன குப்பை ஆகியவற்றை எழுப்பாமலேயே கணினியை ஓட்டுகிறது. ஆனால் விசைப்பலகைக் கம்பிக்கு இடையில் யாராவது செருகிவைத்த சிறு பதிவுக் கருவியை அது அறியாது. தலைக்கு மேலே தொங்கும் கேமரா உங்கள் விரல்களைப் பார்ப்பதைத் தடுக்காது. காசி நகரச் சத்திரத்துக்குச் சொந்தப் போர்வை கொண்டுபோனால் போர்வை சுத்தமாக இருக்கும். அறைச் சாவியின் மறுபிரதி யார் கையில் என்பதைப் போர்வை சொல்லாது.

கணக்கு எண் மாறிய கடிதம்

உங்கள் கடிதத்தில் நான்கு வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. எந்த இயங்குதளமும் இதைத் தடுக்காது. பங்காளியின் பெயரிலேயே ஓரெழுத்து மாற்றிய முகவரியிலிருந்து வந்திருக்கலாம். அவருடைய கணக்கையே யாராவது திறந்திருக்கலாம். உங்கள் கணக்கைத் திறந்து மராமத்துப் பேச்சைப் படித்தவர்களே எழுதியிருக்கலாம். பணம் போகாததால் நீங்கள் தப்பித்தீர்கள்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம். அதில் உள்ள எண்ணுக்கும் பேச வேண்டாம். உங்களிடம் முன்பிருந்தே உள்ள எண்ணில் பங்காளியை அழைத்து அவர் குரலில் உறுதிசெய்யுங்கள். இனி கணக்கு எண் மாற்றம் எதுவாக இருந்தாலும் பேசி உறுதிசெய்த பிறகே பணம் என்று எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐ உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

யாருடைய கணினி?

பிரவுசிங் சென்டரில் கேட்காமல் பென் டிரைவைச் செருகி கணினியை மறுதொடக்கம் செய்யாதீர்கள். உரிமையாளர் அனுமதியின்றி ஒருவரின் கணினியைக் கையாளுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கோரத்தக்க செயல். கெட்ட நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவு வேறு. உங்களைப் போய் யாரும் வழக்கில் இழுக்கப்போவதில்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நீங்கள் வேறு இயங்குதளத்தை ஓட்டினால் அவர்களுடைய பதிவு மென்பொருள் அங்கே வேலை செய்யாது. முடியாது என்று அவர் சொன்னால் அது நியாயமான மறுப்புதான். அங்கே உங்களுக்குத் தேவை அச்சும் ஸ்கேனும் மட்டுமே. அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் தனியாக ஒரு காலி பென் டிரைவில் கொண்டுபோங்கள். அங்கே மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம்.

மகனுடைய லேப்டாப் இன்னும் சிக்கலானது. அது அவருடையதல்ல, நிறுவனத்துடையது. வெளி இயங்குதளத்தை ஓட்டுவது பெரும்பாலான நிறுவனங்களில் விதிமீறல். மேலும் பென் டிரைவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக யாராவது பயாஸ் என்ற கணினியின் தொடக்க அமைப்புக்குள் போய், அங்கீகாரமில்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். மறுநாள் காலை மகன் அலுவலகத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்? அந்த லேப்டாப்பைத் தொடவே வேண்டாம் என்பது என் திட்டவட்டமான ஆலோசனை.

நான் செய்யச் சொல்வது

வெளியூரில் சின்னப் பதில்களுக்கு உங்கள் கைப்பேசியே போதும். திரை பூட்டும் வழக்கமும் புதுப்பிப்புகளும் இருந்தால், அடுத்தவர் கணினியைவிட அது எவ்வளவோ மேல். எழுத்து சிறிதாக இருக்கிறது என்கிறீர்கள். அமைப்பில் எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் இருக்கும் அந்தக் கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாமலேயே லைவ் பென் டிரைவில் அது ஓடும். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, இணையப் பகிர்வை இயக்கினால் லினக்ஸ் பெரும்பாலும் தானாகவே இணைப்பை எடுத்துக்கொள்ளும். பிராட்பேண்டு வேண்டியதில்லை. நாளைக்கே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை நிறுவிவிட்டால், அதுதான் உங்கள் கடிதப் பெட்டகம். தண்டர்பேர்டை அங்கே அமையுங்கள், இந்தத் தடவை 'ஐமேப்' முறையில். இந்த முறையில் மூலக் கடிதம் சேவையகத்திலேயே இருக்கும். உங்கள் கணினியும் கைப்பேசியும் ஒரே பெட்டியைத்தான் பார்க்கின்றன. எங்கே படித்தாலும் எல்லா இடத்திலும் படித்ததாகத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐமேப் பிரதி, காப்புப் பிரதி ஆகாது. ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கிவிடும். கணக்கைத் திறந்த திருடன் நீக்கினாலும் அப்படித்தான். ஆகவே மாதம் ஒரு முறை முக்கியமான கடிதங்களைத் தண்டர்பேர்டின் உள்ளூர் கோப்புறைக்கு நகலெடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கூகுளின் டேக்அவுட் வசதியில் முழு அஞ்சலையும் எம்பாக்ஸ் என்ற அஞ்சல் கோப்பாக இறக்குங்கள். உங்களுக்கு டிஸ்க் மேல் இருக்கும் பிரியத்துக்கு வேலை இங்கேதான் வருகிறது: அந்தக் கோப்பை ஒரு முறை மட்டுமே எழுதும் டிவிடியில் பதிந்து, வெயிலும் வெளிச்சமும் படாத பெட்டக அறையில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று வைக்கலாம். எழுதும் டிவிடிகள் சூட்டில் கெடும். முகப்பு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்படியானால் பயணத்துக்கு லைவ் பென் டிரைவ் வேண்டாமா? வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெறும் உலாவிக்காக. நிலைச்சேமிப்பு, தண்டர்பேர்டு, கடிதங்கள் எதுவும் அதில் வேண்டாம். மகளின் வீட்டுக் கணினியில் செருகி, அவர் சம்மதத்தோடு அதிலிருந்து தொடங்கி, உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறி அணைத்துவிடுங்கள். பென் டிரைவ் தொலைந்தாலும் அதில் இருப்பது உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மட்டுமே. கடிதங்களோடு தொலைந்தால்? பதினான்கு புள்ளிகளின் வரவுசெலவு யாரோ ஒருவர் கையில். முதலில் சொன்ன காரணம் இதுதான்.

தண்டர்பேர்டும் கடிதங்களும் கையோடு வந்தே தீர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், நிலைச்சேமிப்பை மறையாக்கம் செய்தே, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடியே, அமைக்க வேண்டும். எம்.எக்ஸ். லினக்ஸின் பென் டிரைவ் எழுதும் கருவியில் அந்த வசதி உண்டு. டெயில்ஸ் என்ற லைவ் இயங்குதளமும் இதை அழகாகச் செய்கிறது, 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். ஆனால் டெயில்ஸ் எல்லாவற்றையும் இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். நீங்கள் ஏதோ ஒரு நாட்டிலிருந்து நுழைவதாக நினைத்து ஜிமெயில் ஒவ்வொரு முறையும் விசாரணை நடத்தும். தாங்கள் இருக்கும் இடம் தெரிந்தால் ஆபத்து என்று அஞ்சும் பத்திரிகையாளர்களுக்கு அது அருமையான கருவி; ஓட்டுக் கூரைக் கணக்கு எழுதும் உங்களுக்கு வீண் தலைவலி.

பென் டிரைவில் லினக்ஸை எழுதும் வேலையைத் தங்கை மகனிடமே விடுங்கள். லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து நேரடியாகக் கோப்பை இறக்கி, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்ட அங்கே கொடுத்துள்ள எஸ்.எச்.ஏ.-256 எண்ணோடு ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். நண்பர் கொடுத்த கோப்பு, எங்கோ கிடைத்த கோப்பு என்றெல்லாம் வேண்டாம். ஓராண்டுக்கு ஒரு முறையாவது புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா, நீங்கள் பழகிய தமிழ்99 விசைப்பலகை வருகிறதா என்பதையும் அவர் கூட இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். நிலைச்சேமிப்பு இல்லாத பென் டிரைவில் அந்த அமைப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அது சிரமம்தான், வெளியூரில் மட்டும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லும் பங்காளிகளும்

கடவுச்சொல்லை மூன்று பங்காளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் நாளைக்கு ஒரு கடிதம் காணவில்லை என்றால் நால்வரில் யாரென்று கேட்க நேரும்; உறவு அதைத் தாங்காது. இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கில் இப்போது நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, உங்களுடையதல்லாத அனைத்தையும் வெளியேற்றுங்கள். அமைப்பில் தானாக முன்னனுப்பும் முகவரி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திருடர்கள் விட்டுப்போகும் வழக்கமான ஓட்டை அது. அந்தக் கணக்கு எண் கடிதத்துக்குப் பிறகு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பங்காளிகள் படிக்க வேண்டுமானால், கடவுச்சொல் கொடுக்காமலேயே அவர்களைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி ஜிமெயிலில் இருக்கிறது. அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் பெட்டியைப் பார்க்கலாம், பதிலும் எழுதலாம். கடவுச்சொல்லை மாற்ற முடியாது. கடிதங்களை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கும் உண்டு என்பதால், நம்பிக்கையான ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நகல் அனுப்பினால் போதும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பினாங்கில் உங்கள் இந்திய சிம்முக்குக் குறுஞ்செய்தி வராமல் போகலாம். அதற்காகவே கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான். தாளில் அச்செடுத்து ஒரு பிரதியைப் பெட்டகத்திலும் ஒன்றைப் பயணத்தில் பாஸ்போர்ட்டோடு அல்லாமல் வேறு பையிலும் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதில் பயனில்லை. கைப்பேசி தொலைந்த அன்றுதான் அவை தேவைப்படும்.

கேட்கச் சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் கணவர் மறைந்தபோது பழைய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் உங்களுக்குக் கிடைத்தன. மின்னஞ்சல் அப்படிக் கிடைக்காது. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். செயல்படாக் கணக்கு நிர்வாகி என்ற அமைப்பில், மூன்று முதல் பதினெட்டு மாதம் வரை ஒரு காலத்தைக் குறித்து, அதற்குள் நீங்கள் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைக்கலாம். மகனா, அடுத்துப் பொறுப்பேற்கும் பங்காளியா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். வீட்டுப் பொதுக் கடிதங்களோடு உங்கள் சொந்தக் கடிதங்களும் அதே கணக்கில் இருக்கின்றன என்றால், பொது வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்றை இப்போதே தொடங்கி, அடுத்த பங்காளிகள் கூட்டத்தில் முகவரியை அறிவித்துவிடுவது நல்லது.

பினாங்கு கிளம்பக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, வீட்டுக் கணினியிலேயே ஒத்திகை பாருங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கி, புதிய கடவுச்சொல்லும் ஒரு மாற்றுக் குறியீடும் போட்டு, தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்பி, அணைத்துவிட்டுக் கைப்பேசியில் 'அனுப்பியவை' பகுதியைப் பாருங்கள். மகளிடம் அவர் கணினியின் தயாரிப்பு எது, தொடங்கும்போது எந்த விசையை அழுத்தினால் பென் டிரைவைத் தேர்வுசெய்யலாம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. அவருடையதும் அலுவலக லேப்டாப் என்று பதில் வந்தால், பென் டிரைவை வீட்டில் விட்டுவிட்டுக் கைப்பேசியோடு கிளம்புங்கள்.